சாலைக்குப் போன அறை

வேகத்தடை எதுவும் இல்லாத இடத்தில் வண்டிகள் மெதுவாவதை அவள் முதலில் காதால்தான் கண்டுபிடித்தாள்.

தலைநகரத்துக்குப் போகும் மாநில நெடுஞ்சாலையை அகலமாக்கி, தார் போட்டு, நடுவில் கான்கிரீட் தடுப்பு வைத்து, வெள்ளைக் கோடு இழுத்துத் திறந்துவிட்டுப் பதினொரு நாள் ஆகியிருந்தது. புதுச் சாலை என்பதால் வண்டிகள் பறந்தன. ஜன்னலோரம் தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தவளுக்கு அந்த ஓசை பழகிவிட்டிருந்தது. தூரத்தில் ஒரு முனகலாகத் தொடங்கி, வளர்ந்து, சுவரை ஒரு தரம் உலுக்கி, அலமாரியில் கவிழ்த்து வைத்திருந்த டம்ளர்களைக் கிணுகிணுக்க வைத்துவிட்டு, அந்தப் பக்கமாகத் தேய்ந்து மறைகிற ஓசை. அன்று பிற்பகல் ஒரு ரவிக்கைக்குக் கை மூட்டிக்கொண்டிருந்தபோது, அந்த ஓசை முழுசாக வளர்வதில்லை என்று அவளுக்கு உறைத்தது. பாதி வளர்ந்ததும் சட்டென்று தணிந்தது. ஒரு சின்னக் கீச்சு. ரப்பர் கருகும் வாடை. பிறகு கியர் மாறி மறுபடி வேகம் பிடிக்கும் உறுமல். லாரி, பஸ், கார், எதுவானாலும் அப்படித்தான். தலைநகரத்தை நோக்கிப் போகிறவை மட்டும். இவர்கள் வீட்டுக்கு நேர் எதிரே மட்டும்.

எழுந்து வாசலில் நின்று பார்த்தாள். புதுத் தாரின்மேல் டயர்த் தடங்கள் நேராக வந்து, ஓரிடத்தில் வலப்பக்கம் வளைந்து, மறுபடி நேராகியிருந்தன, ஓடைத் தண்ணீர் ஒரு பாறையைச் சுற்றிக்கொண்டு போவதுபோல. பாறை இருக்க வேண்டிய இடத்தில் வெயிலில் பளபளக்கும் கறுப்புத் தரை மட்டும் இருந்தது.

இரவு சாப்பிடும்போது கணவனிடம் சொன்னாள். அவன் கடைத்தெருவில் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியால் காயில் சுற்றிக் கொடுப்பவன். அவன் நக இடுக்கில் எப்போதும் வார்னிஷ் கறுப்பு இருக்கும், பேச்சில் எப்போதும் நக்கல் இருக்கும்.

"ஜன்னலோரம் நீ உட்கார்ந்திருந்தா மெதுவா போகாம என்ன பண்ணுவாங்க? உன்னை நாலு பேர் பார்க்கட்டும்னுதானே கவர்மெண்டே ரோட்டை வீட்டுப் பக்கத்துல கொண்டாந்து விட்டிருக்கு."

"விளையாடாதீங்க. எல்லா வண்டியும் ஒரே இடத்துல ஒடிக்குது."

"பள்ளம் விழுந்திருக்கும். காலையில பார்க்கறேன்."

சிரித்தான். ஆனால் சிரிப்பு அடங்குவதற்குள் அவன் பார்வை வாசற்கதவுக்கு ஒரு தரம் போய்விட்டு வந்தது.

காலையில் பார்த்தபோது பள்ளம் எதுவும் இல்லை.

அந்த வாசற்கதவு முன்பு வாசற்கதவே அல்ல. அந்த வீடு ரயில்பெட்டி மாதிரி நீளவாக்கில் மூன்று அறைகள் கொண்டது. முன்னறை, நடு அறை, சமையலறை. பின்னால் கல் உடைத்துக் கைவிட்ட பெரிய பள்ளம், நிறையத் தண்ணீர். அதனால் வீடு பின்பக்கம் நகர வழியில்லை, சாலை முன்பக்கம் நகர்ந்து வந்துவிட்டது. பதினாறு அடி. படியும் முன்னறையும் முழுசாகப் போயின. முன்னறைக்கும் நடு அறைக்கும் இடையே இருந்த கதவு இப்போது தெருக்கதவு ஆகியிருந்தது. பூட்டே இல்லாமல் இருந்த அந்தக் கதவுக்குப் புதிதாக ஒரு தாழ்ப்பாள் அடித்திருந்தார்கள். அதைத் திறந்தால் இரண்டடிச் சாக்கடை மூடி, அதற்கப்பால் சாலை.

மறுவாரம் ஒருநாள் மாலை நாலு மணிக்கு ஒரு லாரி வீட்டைத் தாண்டிப் போய் நின்றது. நரைத்த மீசையோடு டிரைவர் இறங்கி விறுவிறுவென்று வந்தார். வந்த வேகமே சரியில்லை.

"ஏம்மா, இது உங்க வீடுதானே?"

"ஆமாங்க."

"உங்களுக்கெல்லாம் மனசாட்சியே கிடையாதா? படுத்த படுக்கையா கிடக்கற மனுஷனைக் கட்டிலோட தூக்கியாந்து ரோட்டு மேல போட்டு வச்சிருக்கீங்களே! நான் பார்த்து ஒடிச்சேன். எல்லாரும் பார்ப்பானா?"

"யாருங்க? எந்தக் கட்டில்?"

அவர் எரிச்சலோடு திரும்பிக் கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது. சாலையில் ஒரு காகிதம்கூட இல்லை. முகத்தில் இருந்த கோபம் மெல்ல வடிந்து, அந்த இடத்தில் வேறு ஏதோ வந்து உட்கார்ந்தது.

"இரும்புக் கட்டில்மா. தண்ணி கேட்டு டம்ளரால கம்பியைத் தட்டிக்கிட்டு இருந்தார். உதடெல்லாம் வெடிச்சு..." என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். "உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

அவள் கதவுக்குள் ஓர் அடி பின்வாங்கினாள். அவர் லாரிக்குத் திரும்பிப் போனபோது சாலைமேல் நடக்காமல் சாக்கடை மூடியின் மேலேயே ஓரமாக நடந்து போனார்.

அந்தக் கட்டிலில் கிடந்தவருக்கு வீட்டில் அண்ணன் என்றுதான் பெயர். கணவனின் அண்ணன். கல்யாணமாகி வந்த புதிதில், அவன் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு இவளும் வாய்தவறி அப்படியே கூப்பிட்டுவிட்டாள். முறைப்படி அத்தான் என்றிருக்க வேண்டும். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "போச்சு போ! என் தம்பிக்கே என்னை மச்சானாக்கிட்டியே," என்றார். பிறகு அதுவே நிலைத்துவிட்டது.

இருபத்திரண்டு வருஷம் அதே நெடுஞ்சாலையில் லாரி ஓட்டியவர். தலைநகரத்தில் சரக்கு ஏற்றி, வழியெல்லாம் சின்னச் சின்ன ஊர்களில் இறக்கிக்கொண்டே, மலையடியில் சாலை முடிகிற இடம்வரை போய்த் திரும்புவார். ஒருநாள் மூட்டை அடுக்கு சரிந்து இடுப்பின்மேல் விழுந்தது. அதற்குப் பிறகு மூன்றரை வருஷம் முன்னறையில், சாலையைப் பார்த்த ஜன்னலோரம், இரும்புக் கட்டிலில். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் முதுகு புண்ணாகிவிடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு. கனத்த உடம்பு, ஒரு ஆளால் ஆகாது. கணவன் கடையைப் போட்டது போட்டபடி சைக்கிளில் வந்துவிடுவான். அவன் தோளுக்கடியில் கை கொடுப்பான், அவள் இடுப்புக்கடியில் கொடுப்பாள். "ஒரு கை பிடி," என்பான். இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உருட்டுவார்கள். இடையில் தாகமெடுத்தால் அண்ணன் டம்ளரால் கட்டில் கம்பியை மூன்று தரம் தட்டுவார். கத்திக் கூப்பிட அவருக்குக் கூச்சம்.

சாலைத்துறை ஆட்கள் வந்து அளந்து, சுவரில் சிவப்பு மையால் குறி போட்டுவிட்டுப் போனபோது, அதை அவரிடம் சொல்லும் துணிச்சல் இருவருக்கும் வரவில்லை. இடிக்கும் இயந்திரம் வாசலுக்கு வந்த காலையில்தான் சொன்னார்கள்.

"நான் வரலை," என்றார் அண்ணன். "என் மேலேயே ரோட்டைப் போட்டுட்டுப் போகட்டும்." அதற்கும் சிரித்தார்.

நாலு கூலியாட்கள் கட்டிலோடு தூக்கிப் பக்கத்துக் காலி மனையில், முன்னறைச் சுவரின் நிழலில் இறக்கினார்கள். மரம் எதுவும் இல்லை, முந்தின வாரமே வெட்டிவிட்டார்கள். பத்து மணிக்குச் சுவர் விழுந்தது. சுவரோடு நிழலும் போயிற்று. அது யாருக்கும் தோன்றவில்லை. கணவன் மீட்டர் பெட்டியைக் கழற்றிக்கொண்டு வயர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அவள் தூசிப் படலத்துக்குள் தையல் மெஷினையும் டிரங்குப் பெட்டியையும் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தாள். இயந்திரம் பின்வாங்குவதற்காக ஒரு கணம் ஓய்ந்தபோது கேட்டது. டிங். டிங். டிங். தெளிவாகக் கேட்டது. ஒரே நிமிஷம், இதை உள்ளே வைத்துவிட்டு வந்துவிடலாம் என்று நினைத்தாள். அப்புறம் பாத்திரங்கள். அப்புறம் துணி மூட்டை. மறுபடி கேட்டது, கொஞ்சம் மெலிதாக. பிறகு நின்றுவிட்டது. கணவன் தண்ணீர் கொடுக்கப் போயிருப்பான் என்று நினைத்துக்கொண்டாள். நிம்மதியாகக்கூட இருந்தது.

இரண்டரை மணிக்குத்தான் இருவரும் போய்ப் பார்த்தார்கள். கட்டில் கம்பி தொட முடியாதபடி கொதித்தது. டம்ளர் கையில்தான் இருந்தது.

"தட்டியிருப்பாரே, அந்தச் சனியன் பிடிச்ச மெஷின் சத்தத்துல எனக்குக் கேக்கவே இல்லையே!" என்று கணவன் தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

"எனக்கும் கேக்கலை," என்றாள் அவள்.

லாரி டிரைவர் வந்து போனதை அவள் கணவனிடம் சொல்லவில்லை. சொல்லாததற்கு ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் கிடைத்தது. அந்த வாரம் முழுக்கச் சத்தமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. முதலில் அலமாரி டம்ளர்கள் அதிர்கின்றன என்று நினைத்து அவற்றை எடுத்துத் துணியில் சுற்றி வைத்தாள். அதற்குப் பிறகும் கேட்டது. வண்டிகள் இல்லாத இடைவெளியில், மதிய வெயில் கதவின் கீழ் இடுக்கில் ஒரு வெள்ளைக் கோடாக எரிந்துகொண்டிருக்கும்போது, கதவுக்கு அந்தப் பக்கம் சாக்கடையும் தாரும் டீசல் புகையும்தான் இருக்க வேண்டிய இடத்திலிருந்து, டெட்டால் கலந்த ஈரத் துணியின் வாடையும் முகப்பவுடரின் வாடையும், பல மாதங்கள் சாத்தியே கிடந்த அறையின் குளுமையும் அந்த இடுக்கு வழியாக அவள் பாதத்தில் வந்து பட்டன. காலை மெஷின் மிதியிலிருந்து எடுத்துச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

ஒரு சாயங்காலம் சமையலறையிலிருந்து வந்தபோது கணவன் நடு அறையில் தண்ணீர் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தான். கதவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"உனக்கு ஏதாவது கேட்டுதா?"

"என்ன?"

"தட்டற சத்தம்."

கேட்டிருந்தது. அரை நிமிஷத்துக்கு முன்னால்தான், மூன்று தரம். அவள் வாயைத் திறந்தாள். இப்போது கேட்கிறது என்று ஒப்புக்கொண்டால் அப்போது கேட்டதையும் ஒப்புக்கொள்ள வேண்டிவரும் என்று எதனாலோ தோன்றியது.

"இல்லையே," என்றாள்.

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். முகம் சின்னப் பையன் முகம் மாதிரி ஆகிவிட்டது. "அப்ப எனக்கு மட்டும்தான் கேக்குது," என்றான். "என்னைத்தான் கூப்பிடறாரு."

அதற்குப் பிறகு அவன் நக்கல் பேசவில்லை. கடையிலிருந்து நேரங்கெட்ட நேரத்தில் வந்தான். பத்துக்கு வந்தான். பன்னிரண்டுக்கு வந்தான். எதற்கு வந்தீர்கள் என்று கேட்டால் முழித்தான். அவன் உடம்புக்கே ஞாபகம் வந்துவிட்டது, மனசைக் கேட்காமல் கால் சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்துவிடுகிறது என்று அவளுக்குப் புரிந்தது. சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்தாள். இங்கிருந்து போய்விடலாம், எனக்கும் கேட்கிறது, போய்விடலாம். இரண்டு வரிதான். நாளைக்குச் சொல்லலாம்.

நாளைக்கு என்பது ஒரு வெள்ளிக்கிழமையோடு முடிந்தது. மாலை ஆறரை. வெளிச்சம் இன்னும் இருந்தது. அவன் ஒரு டேபிள் ஃபேனைப் பிரித்துப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

டிங். டிங். டிங்.

அவன் தலை நிமிர்ந்தது. அவளுடையதும் நிமிர்ந்தது. அவன் தன்னைப் பார்ப்பதற்குள் குனிந்துகொண்டாள். அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்ததை உச்சந்தலையால் உணர்ந்தாள். ஒரு பார்வை போதும், ஒரு தலையசைப்பு. கத்தி ஒரே காயை மறுபடி மறுபடி நறுக்கியது.

"வர்றேண்ணே," என்று மெல்லச் சொல்லிக்கொண்டு அவன் எழுந்தான். மூன்றரை வருஷம் சொன்ன அதே தொனி. டம்ளரில் தண்ணீர் மொண்டான். தாழ்ப்பாளைத் திறந்தான்.

கதவு வழியாகப் பார்த்தாள். அவன் சாக்கடை மூடியைத் தாண்டினான். தாரில் கால் வைத்தான். மூன்றாவது எட்டில் தலையைக் குனிந்தான். முன்னறையின் நடுவே தாழ்வாக ஓர் உத்தரம் இருந்தது, உயரமான அவன் எப்போதும் குனிந்துதான் போவான். இப்போது திறந்த வானத்துக்குக் கீழே அதே அளவு குனிந்து, அதே அளவு நிமிர்ந்தான். ஜன்னல் இருந்த இடம்வரை போனான். இடது கையை எதற்கோ அடியில் கொடுத்து, ஒரு தலையைத் தூக்குவதுபோலத் தூக்கிப் பிடித்து, வலது கையால் டம்ளரைச் சரித்தான். தண்ணீர் டம்ளரிலிருந்து இறங்கியது. தரையில் விழவில்லை.

அவள் கத்தினாள். அவன் திரும்பினான்.

பால் வண்டி பிரேக் போடவேயில்லை.

"தினமும் அந்த இடத்துல ஒரு கட்டில் தெரியும் சார், ஒடிச்சுத்தான் போவேன்," என்று அதன் டிரைவர் போலீசாரிடம் திரும்பத் திரும்பச் சொன்னான். "இன்னைக்கு ஒண்ணுமே இல்லை. ரோடு காலியா இருந்துச்சு சார். சத்தியமா காலியா இருந்துச்சு." அவன் வாயை முகர்ந்து பார்த்தார்கள்.

காரியங்கள் முடிந்து, வந்தவர்கள் போய், அவள் மட்டும் வீட்டில் இருந்தாள். இப்போது எந்த வண்டியும் மெதுவாகவில்லை. வளைந்த தடங்களின்மேல் நேர்த் தடங்கள் ஏறி அவற்றை அழித்துவிட்டன. வண்டிகள் முழு வேகத்தில் வந்து முழு வேகத்தில் போயின. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. அந்தக் கீச்சு கேட்காதா என்று காத்துக்கிடந்தாள். அறை தன்னை இனிமேல் யாருக்கும் காட்டிக்கொள்ளத் தேவையில்லை என்று முடிவு செய்துவிட்டதுபோல இருந்தது.

கதவுக்குக் குறுக்கே அலமாரியைத் தள்ளி வைத்தாள். அதன்மேல் டிரங்குப் பெட்டி. பெட்டிமேல் மெஷின்.

பத்து மணிக்குத் தட்டல். கூடவே செருப்புச் சத்தம், கட்டிலைச் சுற்றி. பிறகு அவன் குரல், நோயாளி தூங்கும்போது பேசுவதுபோலத் தணிந்து.

"ஏய். ஒரு கை பிடியேன்."

காதைப் பொத்திக்கொண்டாள். பன்னிரண்டுக்கு மறுபடி. இரண்டுக்கு. நாலுக்கு. அதட்டல் இல்லை, கோபம் இல்லை. வேலை பாதியில் நிற்கிற ஆளின் குரல்.

"என்னால தனியா முடியலைடி. முதுகெல்லாம் புண்ணாகுது. வா."

மூன்றாம் நாள் அலமாரிக்குப் பின்னால், கதவுப் பலகையில் வாயை வைத்துப் பேசுவதுபோல, மிகவும் பக்கத்தில் கேட்டது.

"அன்னைக்கு உனக்குக் கேட்டுச்சாமே. அண்ணன் சொல்றார்."

அவள் அலமாரியைக் கதவோடு இன்னும் நெருக்கித் தள்ளினாள்.

"பரவாயில்லை," என்றது குரல். "அதான் இப்பக் கேக்குதில்ல. வா."

தங்கைக்கு ஃபோன் செய்தாள். அவள் தலைநகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் குமாஸ்தா.

"அக்கா, முதல்ல அந்த வீட்டை விட்டுக் கிளம்பு. துணிமணி எதுவும் வேணாம், நீ வந்தா போதும். பஸ் ஸ்டாண்டுல நான் வந்து நிக்கறேன்."

"வீட்டு வாசலைத் தாண்டித்தான் வரணும்டி."

"தாண்டாம எப்படி வருவே? பறந்தா வர முடியும்?" என்று தங்கை சிரித்தாள், பிறகு சிரித்ததற்காக வருந்தினாள். "அழாதே அக்கா. பஸ்ல ஏறி கண்ணை மூடிக்கோ. இறங்கும்போது நான் இருப்பேன்."

அதுதான் சங்கடம். சாலை ஒன்றே ஒன்று. பின்பக்கம் பள்ளத்தின் கரையோடு நடந்தால், வெளியூர்ப் பக்கமாக ஒரு கிலோமீட்டரில் பஸ் நிறுத்தம். அங்கே ஏறினால் பஸ் இவள் வீட்டு வாசல் வழியாகத்தான் தலைநகரம் போகும். தலைநகரத்துப் பக்கமாகப் போனால் அடுத்த நிறுத்தம்வரை நாலு கிலோமீட்டர் அந்தச் சாலையின் ஓரத்திலேயே தனியாக நடக்க வேண்டும். அதைவிட, நாற்பது பேர் நடுவில் உட்கார்ந்துகொண்டு, ஒரு நொடியில் கடந்துபோவது மேல். பஸ் பத்தரைக்கு. பத்து மணித் தட்டல் முடிந்துவிடும். பன்னிரண்டு வரை இடைவெளி இருக்கிறது. எல்லாவற்றையும் யோசித்துத்தான் செய்தாள்.

பத்து மணிக்கு அவன் கூப்பிட்டான். சமையலறையில் பையை மடியில் வைத்துக்கொண்டு, அது ஓயும்வரை உட்கார்ந்திருந்தாள். ஓய்ந்ததும் பின்கதவைத் திறந்துகொண்டு ஓடினாள்.

பஸ் பத்தரைக்கு வரவில்லை. பதினொன்றுக்கும் வரவில்லை. நிறுத்தத்தின் தகரக் கூரைக்கடியில் ஒரு பெண் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். "வழியில பஞ்சராம், வந்துடும்," என்றாள். பதினொன்றரை. வீட்டுக்குத் திரும்பிவிடலாமா என்று நினைத்தாள். மாலை பஸ்ஸுக்குக் காத்திருக்கலாமா? அது நாலு மணிக்கு. பதினொன்று ஐம்பத்தைந்துக்குப் பஸ் புழுதியோடு வந்து நின்றது. கால்கள் ஏறவில்லை.

"ஏறுங்கம்மா, ஏற்கெனவே லேட்டு!" என்று கண்டக்டர் கத்தினார். கூடைக்காரப் பெண் கையைப் பிடித்து இழுத்துவிட்டாள்.

வலப்பக்க வரிசையில், நடைபாதையை ஒட்டிய இடம்தான் கிடைத்தது. பக்கத்தில் கூடைக்காரப் பெண். முன்னால் ஒருவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். யாரோ ஆரஞ்சு உரித்தார்கள், புளிப்பு வாடை. ஜன்னல் வழியாக வெயிலும் அனல் காற்றும். எல்லாம் சாதாரணமாக இருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"டிக்கெட் எங்கம்மா?"

"கடைசி வரைக்கும்."

பஸ் வேகம் பிடித்தது. தரை அதிர்ந்தது. கண்ணை மூடியபடியே கணக்குப் போட்டாள். இது வளைவு. இது பெட்ரோல் பங்க், வாடை வருகிறது. இனி நேர்ச்சாலை. இனி.

ஆரஞ்சு வாடை நின்றது.

டெட்டால்.

பாதத்தில் குளுமை. கண்ணைத் திறக்காதே. திறக்காதே. திறந்தாள்.

முன்கண்ணாடியிலிருந்து அறை வந்துகொண்டிருந்தது. பஸ்ஸின் நடைபாதை வழியாக, இரு பக்க இருக்கைகளையும் ஊடுருவிக்கொண்டு, சிவப்புச் சிமெண்ட் தரை தண்ணீர் ஏறுவதுபோல முழங்கால்வரை ஏறி வந்தது. சுவரின் வெளிர்நீலம் டிரைவரைக் கடந்தது. செய்தித்தாள்காரரைக் கடந்தது. அவர் பக்கத்தைப் புரட்டினார். யாரும் திரும்பவில்லை. பிறகு கட்டில். இரும்புக் கால்கள். போர்வை. உதடுகள் வெடித்து, கண்கள் திறந்து, சூரியனையே பார்த்துப் பார்த்து வெளுத்துப்போன முகம். தலைமாட்டில் அவன். சட்டையின் ஒரு பக்கம் மட்டும் இருந்தது. அந்தப் பக்கத்துக்கு மட்டும்தான் முகமும். கைகள் தோளுக்கடியில். குனிந்து, காத்துக்கொண்டு.

"இடுப்பைப் பிடி," என்றான்.

பன்னிரண்டு மணி.

அவள் யோசிக்கவில்லை. யோசிக்க நேரம் இல்லை. மூன்றரை வருஷப் பழக்கம். கைகள் தாமாகவே நீண்டன. போர்வைக்கு அடியில் போயின. அந்தக் கனம், தெரிந்த கனம், உள்ளங்கைகளில் இறங்கியது.

பஸ் போய்விட்டது.

சத்தம் முதலில் போயிற்று. பிறகு புகை. தூரத்தில் அதன் பின்கண்ணாடி வெயிலில் ஒரு தரம் மின்னியது. உள்ளே கண்டக்டர், கையில் கிழித்த டிக்கெட்டோடு, காலியான ஓர் இருக்கையைப் பார்த்து நிற்பது தெரிந்தது. இருக்கையின்மேல் அவளுடைய பை. கூடைக்காரப் பெண் எழுந்து பின்னால் பார்த்தாள். பார்வை அவள்மேல் பட்டுக் கடந்து போயிற்று. காலிச் சாலையைப் பார்க்கிற பார்வை.

அவள் சிவப்புத் தரையில் மண்டியிட்டிருந்தாள். முன்னறை குளுமையாக இருந்தது. நாலு சுவர், ஜன்னல். ஜன்னலுக்கு அப்பால் எதுவும் இல்லை, வெறும் வெள்ளை வெளிச்சம்.

"ம்," என்றான் அவன். "தூக்கு."

தூக்கினாள். கனம் அசையவில்லை. கைகளை உருவிக்கொள்ளப் பார்த்தாள். வரவில்லை. கனம் இறங்கிக்கொண்டே இருந்தது, மணிக்கட்டுவரை, முழங்கைவரை.

சுவர் மெல்ல அதிரத் தொடங்கியது. தூரத்தில் ஒரு முனகல். வளர்ந்தது. ஜன்னலின் வெள்ளைக்குள் ஒரு புள்ளி கறுத்தது. அது லாரியாகியது. உயரமான கண்ணாடிக்குப் பின்னால் டிரைவர் ஏதோ பாட்டுக்குத் தலையை ஆட்டிக்கொண்டு, நேராக அவளைப் பார்த்துக்கொண்டு வந்தான். நேராக. வேகம் குறையாமல்.

கட்டிலில் இருந்தவர் முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்துச் சிரித்தார்.